கண் தாண்டிய வரி

என் மனைவி சிவமலருக்கு ஓர் இடத்தில் இருக்க வராது. கலியாணமான முதல் கிழமையிலேயே இதைக் கண்டுகொண்டேன். சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தரம் எழும்புவாள்: ஒருதரம் உப்புக்கு, ஒருதரம் தண்ணீருக்கு, ஒருதரம் அடுப்பை நூர்த்தேனா என்று பார்க்க. ரயிலில் இடம் கிடைத்தாலும் கதவடியில் போய் நிற்பாள். இங்கே சுவிஸில், ஓல்டன் நிலையத்தில் வண்டி மாற நான்கு நிமிடம் இருந்தால் அந்த நான்கு நிமிடமும் மேடையில் நடப்பாள். "உமக்குக் காலிலை சில்லு பூட்டியிருக்கோ?" என்று கேட்டால், "நீங்கள் இருக்கிற இருப்புக்கும் சேர்த்துத்தான் நான் நடக்கிறன்" என்பாள். பொருட்கிடங்கில் எட்டு மணி நேரம் பாரந்தூக்கி வண்டியில் குந்தியிருப்பவன் நான். எனக்கு அதற்கு மேல் வாய் திறக்க இடமில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, அசையவே கூடாத பொருட்களுக்கு நடுவில் வேலை கிடைத்தது. ஓல்டன் முதியோர் இல்லம் ஒன்றில் பதினாறு வருடம் ஆட்களைத் தூக்கி இறக்கி இடுப்புப் போன பிறகு, 2014இல், சோலோதுர்னில் ஒரு பழைய கல்வீட்டில் துப்புரவு வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் ஓர் அறக்கட்டளை யூதர்களின் வேதச் சுருள்களையும் கிறிஸ்தவர்களின் பழைய சுவிசேஷ ஏடுகளையும் சேர்த்து வைத்திருந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டவையும் அவற்றில் உண்டு. எல்லாம் தோலில் எழுதியவை.

முதல் நாள் வந்து புலம்பினாள். தும்புத்தடி கூடாதாம், தூசி கிளம்புமாம். தண்ணீர் வாளி கதவுக்கு உள்ளே வரக்கூடாதாம். பூ கூடாது, சாப்பாடு கூடாது, ஓடக்கூடாது. அறையின் குளிரும் ஈரமும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் சுருண்டு எழுத்து உதிர்ந்துவிடும். "மனிசருக்கு இல்லாத கவனம் மாட்டுத் தோலுக்கு" என்றாள். ஒரு மாதத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

விடாமல் இருந்ததற்கு ஒரு கடதாசித் துண்டு காரணம். மேசைக்கு அடியில் கிடந்த ஏதோ ஒரு குறிப்பு அவள் காலில் பட்டுவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். அந்த வீட்டுப் பொறுப்பாளர் ஃபிராவ் எபிஷர் அதைப் பார்த்துவிட்டார். நாற்பது வயதுப் பெண், அதிகம் சிரிக்காதவர். என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். எழுதினதை மிதிக்கக்கூடாது, மிதித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் யூதர்களின் வழக்கத்தைச் சொன்னாராம். கடவுளின் பெயர் எழுதிய சுருள் கிழிந்து பழுதாகிவிட்டால் அதை எறிய மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். தொழுகைக்கூடத்தில் அதற்கென்று ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். பிறகு இறந்த மனிதரைப் போலவே மண்ணில் புதைப்பார்கள். அப்படி எறியாமல் போட்டு வைத்ததால்தான் பல பழைய ஏடுகள் இன்றைக்கும் இருக்கின்றன.

அன்று மாலை சிவமலர் வீட்டுக்குள் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் வீட்டு நிலவறை முழுக்கப் பழைய கொப்பிகளும் கடிதங்களும் கோயில் நோட்டீஸ்களும். பழைய பேப்பர் எடுக்கும் நாள் வரும்போதெல்லாம் நான் கட்டிக் கொடுப்போம் என்பேன், அவள் மறிப்பாள். "பாத்தீங்களோ, உலகத்திலை நான் மட்டும் விசரி இல்லை" என்றாள். அந்த வழக்கில் நான் நிரந்தரமாகத் தோற்றேன். இது பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் எபிஷர் அவளைப் படம் எடுக்கும் மேசைக்கு மாற்றினார். ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கும்போது தோலைப் பிடித்து விரிக்க ஒருவர் வேண்டும். கையுறை போடக்கூடாதாம், விரலுக்குத் தோலின் நுனி தெரியாமல் போய்விடுமாம். முதியோரின் மெல்லிய தோலைப் பதினாறு வருடம் கிழியாமல் கழுவித் துடைத்த கை இவளுடையது. ஓரிடத்தில் இருக்க மாட்டாத மனுஷி அந்த மேசையில் மாத்திரம் மூச்சை அடக்கி நின்றாளாம். அங்கே அடக்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிடுவாள். குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தபடியே கதை சொல்வாள். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, இழுத்துக் கட்டிச் சுரண்டுவது. மயிர்ப்பக்கம் மஞ்சளாகவும் சதைப்பக்கம் வெள்ளையாகவும் இருப்பது. எழுதுமுன் ஓரத்தில் ஊசியால் குத்தி, மொட்டை முனையால் கோடு கீறுவது. யூதர்களின் எழுத்து அந்தக் கோட்டுக்கு மேலே இருக்காமல் கோட்டிலிருந்து தொங்குவது. பார்க்காமல் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது, மனப்பாடமாக இருந்தாலும் மூலத்தைப் பார்த்து, வாயால் சொல்லி, பிறகுதான் எழுத வேண்டும் என்பது. கடவுளின் பெயரில் பிழை விட்டால் சுரண்ட முடியாது. அந்தத் தோலையே ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய கிரேக்கச் சுவிசேஷ ஏடுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரே மூச்சாக ஓடும். "நீர் கதைக்கிற மாதிரி" என்றேன். அன்று சோறு எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

2017 மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து கதையே சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றவுமில்லை. நேரே ஆணியில் தொங்கிய நிலவறைத் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

நானும் இறங்கிப் போனேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னப்பா தேடுகிறீர் என்று கேட்டால் அடுத்த பெட்டியை இழுத்தாள். கடைசியில், ஒரு நீலக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தபடி சொன்னாள்.

அன்று காலையில் ஒரு கிரேக்கச் சுவிசேஷ ஏட்டைப் படம்பிடித்திருக்கிறார்கள். எழுத்தை வாசிக்கத் தெரியாததால் அவளுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கத்தின் அடியில், வேறு கையெழுத்தில், சின்னதாக இரண்டு வரி இருந்தது. மேலே வரிகளுக்கு நடுவில் ஒரு சிறு குறி. அதே குறி கீழேயும். இது என்ன என்று கேட்டாள். படியெழுதியவர் தாண்டிய வரி என்றார் எபிஷர். இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிகின்றன. அவர் முதல் வரியை எழுதிவிட்டு மூலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, கண் அதே சொல்லைக் கீழே வேறொரு இடத்தில் கண்டு அங்கிருந்து தொடர்ந்துவிட்டது. நடுவில் இருந்தது முழுக்கப் போய்விட்டது. எழுதியவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வேதத்தைப் படியெடுத்தவர்கள் எல்லோரும் விட்ட பிழை இதுதான், களைத்த கண்ணுக்கு இது கட்டாயம் வரும் என்றார். பின்னால் வந்த யாரோ ஒருவர் வேறு படியோடு ஒத்துப்பார்த்து, விடுபட்டதை ஓரத்தில் எழுதியிருக்கிறார். எல்லாப் படிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

"ஒரே சொல், இஞ்சருங்கோ" என்றாள் சிவமலர். "ஒரே சொல் ரெண்டு தரம் வந்தாக் கண் பாயும். நான் எழுதினதிலை எத்தினை பேருக்கு ஒரே தகப்பன்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 

2009 சித்திரையில் எங்கள் வீட்டு வரவேற்பறை பேனாவும் தொலைபேசியுமாக ஓர் அலுவலகம் போல, ஒரு கந்தோராக இருந்தது. வன்னியில் போருக்குள் அகப்பட்ட உறவுகளோடு தொடர்பு அறுந்த குடும்பங்கள் ஓல்டனிலிருந்தும் சோலோதுர்னிலிருந்தும் தொலைபேசியில் பெயர்களைச் சொல்லச் சொல்ல, சிவமலர் அந்த நீலக் கொப்பியில் தமிழில் எழுதினாள். பிறகு அதையெல்லாம் ஜெனீவாவில் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கொடுப்பதற்காக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் படியெழுதினாள். முந்நூற்றுச் சொச்சம் பேர். வெள்ளைக்காரருக்கு விளங்க வேண்டும் என்று தகப்பன் பெயரை முன்னுக்கும் ஆளின் பெயரைப் பின்னுக்கும் போட்டாள். எங்கள் வழக்கமும் அதுதானே. அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே சொல்லில்தான் தொடங்குவார்கள். மூன்று நாள் நித்திரை இல்லை. அழுதுகொண்டே எழுதினாள். நான் நூலகத்து இயந்திரத்தில் அதற்கு இரண்டு ஒளிப்படி அடித்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று சோலோதுர்ன் ஆட்களுக்குப் பொறுப்பாக நின்ற இராஜசிங்கம் அண்ணை வீட்டுக்கு. கையெழுத்துப் பட்டியலை அண்ணையும் நானும் ரயிலில் ஜெனீவாவுக்குக் கொண்டுபோனோம். அவர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். பட்டியல் கோவையை மடியில் வைத்து, பேனாவும் கையுமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். நான் லோசான் வரும்வரை வாயைத் திறந்தபடி நித்திரை.

நிலவறைப் படியில் கொப்பியையும் எங்களிடம் இருந்த படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் வாசித்தேன், அவள் விரலை வைத்து ஒத்துப்பார்த்தாள். முந்நூற்றுச் சொச்சம் பெயரில் ஒன்றே ஒன்றுதான் இல்லை. கொப்பியில் அடுத்தடுத்து மூன்று வரி இருந்தது: இராஜசிங்கம் ஜெயசீலன், இராஜசிங்கம் மகேந்திரன், இராஜசிங்கம் பிருந்தன். படியில் ஜெயசீலனுக்குக் கீழே பிருந்தன் இருந்தான். நடுவிலான் இல்லை.

இராஜசிங்கம் அண்ணையின் பிள்ளை. பட்டியலைச் சுமந்துபோன மனிதரின் பிள்ளையே பட்டியலில் இல்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணை முதலில் வந்து அகதி வழக்கு முடிய ஏழு வருடம் போனது. பிறகு மனைவி புனிதவதி அக்காவையும் கடைசி மகளையும் இங்கே எடுத்தார். மூன்று பெடியன்களுக்கும் பதினெட்டு வயது தாண்டிவிட்டது என்று இந்த நாட்டுச் சட்டம் அவர்களை விடவில்லை. அவர்கள் வன்னியிலேயே நின்றுவிட்டார்கள். 2009 கடைசியில் ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது: ஜெயசீலன் வவுனியாவில் ஒரு முகாமில் இருக்கிறான். அடுத்த வருடம் இன்னொன்று: பிருந்தன் காயத்தோடு கப்பலில் ஏற்றப்பட்டான், ஆஸ்பத்திரியில் இறந்தான். மகேந்திரனைப் பற்றி எதுவும் வரவில்லை. அண்ணை 2012இல் மாரடைப்பில் போனார்.

புனிதவதி அக்கா அந்த மௌனத்துக்கு ஒரு பொருள் வைத்திருந்தார். "உயிரோடை இருக்கிறவனுக்கும் கடிதம் வந்தது. செத்தவனுக்கும் வந்தது. இவனுக்கு வரேல்லை எண்டா அவங்களுக்கே பிடிபடாமல் எங்கையோ இருக்கிறான்" என்பார். ஒவ்வொரு வருடமும் ஜெனீவாவில் ஐ.நா. முன்றலுக்கு எங்கள் ஆட்கள் போகும் ஊர்வலத்தில் எங்களைக் கண்டால், சிவமலரின் கையைப் பிடித்து, "அவன்ர பேர் லிஸ்ற்றிலை இருக்குத்தானே பிள்ளை?" என்பார். அவரிடமும் ஒரு படி இருந்தது. ஆனால் அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. இவள் எட்டு வருடமாக, "ஓம் அக்கா, நான்தானே எழுதினனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு இரண்டு கிழமை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக இருக்கவில்லை. சிவமலர் அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள், திரும்பவும் காலி செய்தாள். வேலைக்குப் போகும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடந்து போனாள். படம் எடுக்கும் மேசையில், தோல் சுருளாமல் மேலே வைக்கும் ஈயக்குண்டுச் சரத்தைத் தவறவிட்டாள்; எபிஷர் அவளை ஒரு கிழமை ஏடு அடுக்கும் தட்டுகள் துடைக்க அனுப்பினார். அது அவளுக்கு இன்னும் மோசம்.

"போய்ச் சொல்லுவம்" என்பாள். சப்பாத்துப் போடுவாள். "என்னெண்டு சொல்லுறது" என்று கழற்றுவாள்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாமல் வந்தது. "எட்டு வருஷத்துக்குப் பிறகு சொல்லி அந்த மனிசியைக் கொல்லப் போறீரோ?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"சொல்லாட்டி நான் செத்துப்போவன்" என்றாள் அவள். பகிடி இல்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

பங்குனி முதல் ஞாயிறு சோலோதுர்னுக்குப் போனோம். மகள் கலியாணம் முடித்துப் போனபின் புனிதவதி அக்கா மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். எங்களைக் கண்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார், பிஸ்கட் தட்டு வந்தது, பருத்தித்துறை வடைப் பொதி உடைந்தது. சிவமலர் உட்காரவேயில்லை. யன்னலடியில் நின்றபடி, தோளில் பையைக் கழற்றாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அக்கா, நான் மகேந்திரன்ர பேரை எழுதேல்லை. தவறிப்போச்சு. ஜெனீவாவிலை குடுத்ததிலை அவன்ர பேர் இல்லை. எட்டு வருஷமா நான் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறன்."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். மண்ணள்ளித் திட்டினாலும் வாங்கத் தயாராகவே வந்திருந்தோம்.

"இல்லையோ?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா."

"அப்ப அவையள் தேடவே இல்லையோ?"

"பேர் இல்லாட்டி எப்பிடித் தேடுறது அக்கா? என்னாலைதான்..."

"தேடவே இல்லை!" என்றார் அக்கா. குரல் உயர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார். "தம்பி, கேட்டனீரோ? தேடவே இல்லையாம்! தேடினாத்தானே கிடைக்கும்?" எழும்பி வந்து சிவமலரைக் கட்டிப்பிடித்தார். "அழாதை பிள்ளை. இப்ப குடுப்பம். இப்ப எழுதிக் குடுப்பம்."

கடிதம் வராத காரணம் அவருக்குக் கிடைத்துவிட்டது. இத்தனை வருடமும் கட்டி வைத்திருந்த பொருளை ஒரு நொடியில் இறக்கி வைத்து, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டார். இது முந்தியதை விடப் பெரிது. எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. 

அதற்குப் பிறகு ஓட்டம் இரண்டு வீட்டிலும். ஜெனீவாவில் எங்கள் பிள்ளைகள் சிலர், இங்கே பிறந்த மாணவர்கள், 2009இல் கொடுத்த பழைய பட்டியல்களையெல்லாம் சேர்த்து ஒரே பட்டியலாக்கித் திரும்பவும் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். சிவமலர் வேலைக்கு இடையில் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். அக்கா மகேந்திரனின் பழைய படத்தைக் கடையில் கொடுத்துப் பெருப்பித்தார். ஒரு நாளைக்கு மூன்று தரம் அழைத்தார். மகேந்திரனுக்கு இடது புருவத்தில் தழும்பு, அதை எழுதினதோ? அவன் சைக்கிள் திருத்துவான், அதை எழுதலாமோ? அவனுக்கு இப்போது முப்பத்தேழு வயது, தலை நரைத்திருக்குமோ?

பத்தாம் நாள், புதன்கிழமை, ஜெனீவாவுக்கு ரயிலேறினோம். சாதாரணமாகக் கதவடியில் நிற்பவள் சிவமலர் மட்டும்தான். அன்று அக்காவும் உட்காரவில்லை. இரண்டு பேரும் பெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டு வந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று இரண்டு தரம் கேட்டார். நான் அக்காவின் கைப்பையையும் பெருப்பித்த படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தரம் கண்ணை மூடவில்லை.

நிலையத்திலிருந்து டிராமில் போய் இறங்கினோம். ஒரு சனசமூக மண்டபத்தின் பின்னறைதான் பிள்ளைகளின் கந்தோர். ஆரன் என்ற பெடியன் இருந்தான். இருபத்து மூன்று வயது, சட்டம் படிக்கிறவன். தமிழை ஆறுதலாக, பிரெஞ்சு ஊறிய நாக்கால் பேசினான். "இருங்கோ அன்ரி" என்றான். யாரும் உட்காரவில்லை.

சிவமலர் நீலக் கொப்பியை மேசையில் விரித்து, எங்கள் படியைப் பக்கத்தில் வைத்து, விஷயத்தைச் சொன்னாள். கொப்பியில் இருக்கிறது, படியில் இல்லை, என் கண்தான் பாய்ந்தது என்றாள். ஆரன் கவனமாகக் கேட்டான்.

"ஆனா அன்ரி, இது நீங்கள் குடுக்கிறதுக்கு முதல் அடிச்ச போட்டோக்கொப்பிதானே? குடுத்ததின்ர போட்டோக்கொப்பி எங்களிட்டை இருக்கு. அவையள் சீல் குத்திப் பிறகு இஞ்சத்தைச் சங்கத்துக்கு அனுப்பினது."

அலமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்தான். ஓல்டன், சோலோதுர்ன் என்று எழுதியிருந்தது. அவன் தாளைப் புரட்ட, சிவமலரின் பெரிய எழுத்துக்கள் பக்கம் பக்கமாக ஓடின. ஒவ்வொரு தாளின் தலையிலும் முத்திரை. ஜெயசீலனின் பக்கம் வந்தது.

ஜெயசீலனுக்கும் பிருந்தனுக்கும் நடுவில் ஒரு கூரை மாதிரியான சின்னக் குறி இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் அதே குறி. அதற்கு நேரே, சிவமலரின் எழுத்தல்லாத எழுத்தில், சாய்வாக, நெருக்கமாக, இராஜசிங்கம் மகேந்திரன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வயது இருபத்தொன்பது. ஒன்பதின் வால் கச்சேரிக்காரர்கள் எழுதுவது போலச் சுருண்டிருந்தது.

லோசானில் நான் கண் விழித்தபோது அண்ணை பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "என்ன அண்ணை?" என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை தம்பி, எல்லாம் சரி" என்றார். மூன்று நாள் அழுதுகொண்டு எழுதியவளின் பிழையை ஏன் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். திருத்திவிட்டார், வேலை முடிந்தது. எங்களிடம் இருந்த படிகள் அதற்கு முதலே அடித்தவை; ஆகவே எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரேயொருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிவமலரின் முகத்தில் ஒரு கணம் ஆறுதல் வந்து போனதைக் கண்டேன். அவளே அதைக் கண்டு பயந்து, கையால் வாயைப் பொத்தினாள்.

புனிதவதி அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் குனிந்து பார்த்தார். விரலை அந்த ஓரத்து எழுத்தில் வைத்தார். சாய்வைத் தடவினார்.

"இது அவர்ர எழுத்து" என்றார்.

ஆரன் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

நான்தான் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். "மகேந்திரன்ர பேர் அக்கா. அண்ணை ரயிலிலை எழுதிச் சேர்த்திருக்கிறார்."

"அப்ப பேர் இருந்தது."

"ஓம் அக்கா."

"அப்ப தேடியிருக்கினம்." ஆரனைப் பார்த்தார். "தேடியிருப்பினம், என்ன தம்பி?"

ஆரன் தலையைக் குனிந்தான். "ஓம் அன்ரி. ஓரத்திலை இருக்கிறதையும் பாத்திருப்பினம். இஞ்சை பாருங்கோ, அதுக்கு நேரையும் அவையள் நம்பர் போட்டிருக்கினம்."

அக்கா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் தரம். தன் கைப்பையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெருப்பித்த படத்தை வாங்கவில்லை.

"உயிரோடை இருந்தவனுக்குக் கடிதம் வந்தது" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குத் தபால்பெட்டியடிக்கு இறங்கிப் போவார். நான் சும்மா நடக்கப் போறார் எண்டு நினைச்சன்" என்றார்.

சிவமலர் அவரின் காலடியில் தரையில் குந்திவிட்டாள். "அக்கா" என்றாள். 

அக்கா அவளின் தலையில் கை வைத்தார். "பிள்ளை, நீ விட்ட பிழையாவே இருந்திருக்கலாமே" என்றார்.

நான் வெளியே போய் நின்றேன். ஐம்பத்து நான்கு வயது ஆம்பிளை; நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மனுஷன் தன் மனைவிக்குக் கூடச் சொல்லாமல் மூன்று வருடம் எங்கள் எல்லோருக்குமாக அந்தத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். எனக்கு அவரில் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பத்து நாள் சந்தோஷம் அக்காவுக்கு வந்திருக்காது, போயும் இருக்காது.

திரும்பி உள்ளே போனபோது ஆரன் புதிய பட்டியலைக் கணினியில் திறந்து வைத்திருந்தான். மகேந்திரனின் பெயரை இனி ஓரத்தில் விடாமல், அவனுடைய இடத்தில், இரண்டு சகோதரங்களுக்கும் நடுவில் போடலாம் என்றான். அடிக்க விரலை வைத்தான்.

"மிசின் வேண்டாம்" என்றார் அக்கா. "முதல்லை இந்தப் பிள்ளை எழுதட்டும். பிறகு நீர் அடியும்."

ஆரன் ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்தான். சிவமலர் எழும்பி முகத்தைத் துடைத்து, கதிரையை இழுத்து, மேசையில் இருந்தாள். நான் இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், அவள் அப்படி அசையாமல் இருந்து நான் கண்டதில்லை. நீலக் கொப்பியை இடப்பக்கம் வைத்தாள். அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள். அந்தக் கல்வீட்டில் கேட்டறிந்த பழைய எழுத்தர்களைப் போல, எழுதுமுன் பெயரை வாயால் சொன்னாள்.

"இராஜசிங்கம் ஜெயசீலன்."

"ஓம்" என்றார் அக்கா. அவள் எழுதினாள்.

விரல் ஒரு வரி கீழே இறங்கியது. ஒரே ஒரு வரி.

"இராஜசிங்கம் மகேந்திரன்."

அக்காவிடமிருந்து ஓம் வரவில்லை. சிவமலர் பேனாவைத் தாளில் வைக்காமல் காத்திருந்தாள். வெளியே டிராம் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, மூடி, போனது. ஆரன் என்னைப் பார்த்தான். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுது பிள்ளை" என்றார் அக்கா.

சிவமலர் எழுதினாள்.